தகட்டில் எழுதிவிட்டால் போதுமா?

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு மாதங்களில் நம் பங்குகளில் நடந்த திருமணங்களையும் அடக்கச் சடங்குகளையும் ஆலயத்தினுள் இருந்து கண்டோர் சிலரே. யூடியூப் வழியாக வீட்டிலிருந்து கண்டோரே பலர் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நோய் தணிந்த பின்னரும் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. புதுநன்மை விழாவும், தேர்ப்பவனியும், நவநாளின் ஒன்பது மறையுரைகளும் இன்று காணொளிப் பகுதிகளாகக் கிடைக்கின்றன. கோவையிலோ திருப்பூரிலோ வேலைபார்க்கும் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பதிவிறக்கம் செய்து, சூலூர்ப் பக்கமோ பல்லடப் பக்கமோ தனித்திருக்கும் அப்பிச்சிக்கும் அமிச்சிக்கும் டி.வி.டி. தகட்டில் எழுதிக் கொடுக்க விரும்புகிறார்கள். நல்ல எண்ணமே. ஆயின் தகட்டைப் பெட்டியிலிட்டதும் திரையில் ஒன்றும் தோன்றாமல், பெரியவர்கள், "எங்களுக்குத்தான் போடத் தெரியவில்லை போலும்" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்! பிழை அவர்களுடையதன்று.

பதிவிறக்கிய கோப்பின் பெயர் பெரும்பாலும் எம்.பி.-4 என்றோ எம்.கே.வி. என்றோ முடியும். அது தூக்குப்போசியின் பெயரேயன்றி, உள்ளிருப்பது சாறா மோரா என்பதை அது சொல்லாது. உள்ளே படமும் ஒலியும் எம்முறையில் சுருக்கி அடைக்கப்பட்டுள்ளன என்பதே முக்கியம். இக்காலக் காணொளிகள் எச்-264 போன்ற புதிய முறைகளில் சுருக்கப்படுகின்றன. பழைய டி.வி.டி. பெட்டியோ எம்பெக்-2 என்னும் முறையையே அறியும். அதுவும் வினாடிக்கு 25 படங்கள், குறுக்கே 720 புள்ளிகள், நெடுக்கே 576 புள்ளிகள் என்ற அளவில், அதற்கென வகுக்கப்பட்ட கோப்புறை அமைப்பில் இருந்தால்தான் ஏற்கும். ஆகவே கோப்பை அப்படியே தகட்டில் நகலெடுத்தால் அது கணிப்பொறிக்கான தகடாகுமேயன்றி டி.வி.டி. படமாகாது.

முறை மாற்றுவதற்கு டி.வி.டி. ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் ஒன்றுண்டு. பகுதிகளை வரிசையாக அதிலிட்டால், முறையை மாற்றி, தேர்ந்தெடுக்கும் முகப்பும் அமைத்துத் தரும். பழைய கணிப்பொறியாயின் ஒரு மணி நேரப் படத்திற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கலாம், பொறுமை வேண்டும். ஓர் எச்சரிக்கை. 4.7 ஜி.பி. என்று உறையில் அச்சிட்ட தகட்டைக் கணிப்பொறி 4.38 என்றே காட்டும்; இரண்டும் ஒரே அளவுதான், எண்ணும் முறை வேறு. அதில் தெளிவான படம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கொள்ளும். ஒன்பது மறையுரைகளையும் ஒரே தகட்டில் திணித்தால் படம் கட்டங்கட்டமாக உடைந்து, பேசும் குருவின் முகமே தெரியாது. தகட்டின் விலையைப் பார்த்துப் பார்வை மங்கியவர்களுக்கு மங்கிய படத்தைத் தருவது சிக்கனமாகாது. வீட்டில் இருப்பது 2006ஆம் ஆண்டுக்குப் பின் தமிழக அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி போன்ற சதுரத் திரைப் பெட்டியாயின், அகலப் படம் நெடுக்கே இழுக்கப்பட்டு எல்லோரும் ஒட்டடைக்குச்சி போல் தோன்றுவர். டி.வி.டி. பெட்டியின் அமைப்பில் மேலும் கீழும் கறுப்புப்பட்டை விடும் தேர்வைச் செய்தால் அது சரியாகும்.

பின்னர் எழுதும் வேலை. கடைக்காரர் வழக்கில் 'ரைட்' செய்வது. புதிய மடிக்கணினிகளில் தகடு எழுதும் கருவி பெரும்பாலும் இல்லை; யு.எஸ்.பி.யில் செருகும் தனிக்கருவி வேண்டும். மிகு வேகத்தில் எழுதாமல் நான்கு மடங்கு, எட்டு மடங்கு வேகத்தில் எழுதுக. முடிவில் 'ஃபைனலைஸ்' செய்யத் தவறினால் மற்றப் பெட்டிகள் அத்தகட்டைப் படியா. (தொலைக்காட்சியிலேயே யு.எஸ்.பி. துளையிருந்து, அது புதிய முறைகளையும் அறியுமாயின், பென் டிரைவே போதும். இத்தொல்லை ஒன்றும் வேண்டா.)

தகடு ஓடுகிறது; அப்பிச்சி மகிழ்கிறார். உடனே கணிப்பொறியில் இடம் போதவில்லையென்று மூலக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைப் பற்றியே. முழு உயர் தெளிவுப் படத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். டி.வி.டி.யில் தங்குவது அதில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சிய நான்கு பங்கையும் எந்த மென்பொருளும் பின்னர் மீட்டுத் தராது.

இதே இழப்பை நம் குடும்பங்கள் முன்னரும் ஒருமுறை அடைந்திருக்கின்றன. 1980களிலும் 90களிலும் எடுத்த திருமண வீடியோக்கள் வி.எச்.எஸ். கேசட்டுகளில் இருந்தன. பிறகு வி.சி.டி. வந்தது. கேசட்டைக் கொடுத்து வி.சி.டி.யாக மாற்றிக்கொண்டு, கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டவர்கள் பலர். வி.சி.டி.யின் படமோ 352க்கு 288 புள்ளி, டி.வி.டி.யின் கால் பங்களவே. பின்னர் அதிலிருந்து டி.வி.டி.யும், அதிலிருந்து கைப்பேசிக்கான கோப்பும் எடுத்தார்கள். நகலின் நகலின் நகல்! மோதிரம் மாற்றும் மணமக்களின் முகத்தில் கண் எது, மூக்கு எது என்று இன்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஃபோட்டோ ஸ்டுடியோக் காலத்தில் இந்த அறிவு நமக்கு இருந்தது. படம் சுவரில் தொங்கும். நெகட்டிவ் உறைக்குள் பத்திரமாயிருக்கும். சினிமாத் தொழிலின் அடிப்படையும் அதுவே. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சி இரயில்வேயில் பணியாற்றிய காலத்தில், 1905இல் துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் இயேசுவின் வாழ்க்கைப் படச்சுருளையும் வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலை நிறுவினார். அச்சாலை இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. ஊர் ஊராய் ஓடும் பிரதி தேயும், கீறும், அறும்; மூலம் தனியே இருந்தால்தான் வேறு பிரதி போடலாம். மூலமும் பிரதியும் சேர்ந்து அழிந்ததால் 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று ஒரு சுருளும் கிடைக்காமல் போயிற்று. பதிவிறக்கிய கோப்பே நெகட்டிவ். தகடு ஊர் சுற்றும் பிரதி என்று கொள்க.

தகடும் நெடுநாள் நிற்கும் என்று எண்ண வேண்டா. கடையில் விற்கும் சினிமாத் தகடு ஆலையில் அச்சிடப்பட்டது; நாம் எழுதும் தகடோ ஒரு சாயப்படலத்தில் ஒளியால் எழுதப்படுவது. வெயிலும் சூடும் பட்டால் சாயம் மங்கும். ஆதலின் மூலக் கோப்பை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஒரு வீட்டிலும், அதன் படியை மற்றொன்றில் உறவினர் வீட்டிலும் வைத்து, ஆண்டுக்கொரு முறை ஓட்டிப் பார்க்கவேண்டும். "யூடியூபில்தான் இருக்கிறதே" என்பார்க்கு ஒரு செய்தி. பெரிய நிறுவனங்களை நம்பியும் பயனில்லை. இங்கிலாந்தின் பி.பி.சி., நாடாவின் விலை கருதி, 1960களில் ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' தொடரின் நாடாக்களைப் பின்னர் அழித்துவிட்டது. பல பகுதிகளின் படம் இன்றும் இல்லை. ஆயினும் அப்பகுதிகள் அனைத்தின் ஒலியும் கிடைத்துள்ளது. தொலைக்காட்சி முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் தம் வீட்டிலேயே பதிவுசெய்த நேயர்களே அதற்குக் காரணம்.

இவ்வளவும் நம் வீட்டு நிகழ்ச்சிகளுக்கும், உரியவர் இசைந்து தந்தவற்றுக்குமே. பிறர் பொருளிட்டு எடுத்த திரைப்படங்களையும் தொடர்களையும் தகட்டிலிட்டு விற்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். 2004இல் தமிழகம் தன் குண்டர் தடுப்புச் சட்டத்திலும் வீடியோத் திருட்டைச் சேர்த்தது. பங்கு நிகழ்ச்சியாயின் பங்குக் குருவிடம் கேட்டால் அனுமதி கிடைக்கும். கேட்கும்போதே, படமெடுத்தவரிடம் உள்ள முதற் கோப்பைக் கேளுங்கள். யூடியூபுக்கு ஏற்றிய படத்தை அந்நிறுவனம் மீண்டும் சுருக்குவதால், அங்கிருந்து இறக்குவதைவிட இது தெளிவாயிருக்கும்.

கேசட்டை இன்னும் எறியாத வீடுகளும் உண்டு. அவர்கள் தாமதிக்கலாகாது. வி.சி.ஆர். பெட்டி செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் பெட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. வால்பாறை, நீலகிரி போன்ற ஈரமலைகளில் வைத்த நாடாவில் வெண்பூஞ்சணம் பூத்திருக்கும்; அதை அப்படியே ஓட்டினால் நாடாவும் கெடும், பெட்டியின் தலையும் கெடும். முதலில் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடமே கொடுங்கள். தகடாக மட்டும் வாங்கிவராமல், கோப்பாகவும் கேட்டு வாங்குங்கள். கேசட்டையும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.