நாட்சம்பளம் கூடினால் போதுமா? வேலை நாளையும் கேட்போம்!



2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தின்படி அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபா. அதோடு அரசாங்கம் தரும் வருகை ஊக்கத்தொகை 200 ரூபா. மொத்தம் 1,750 ரூபா. இதில் எதுவும் சும்மா வந்ததல்ல. ஆண்டுக்கணக்காகக் கேட்டும் போராடியும் பெற்றது.

ஆனால் கடைக்கடன் கட்டுவது மாதச் சம்பளத்தில். ஒரு கணக்குப் பார்ப்போம். 1,350 ரூபாவுக்கு 22 நாள் வேலை செய்தால் 29,700 ரூபா. 1,750 ரூபாவுக்கு 16 நாள் மட்டும் வேலை கொடுத்தால் 28,000 ரூபா. நாளுக்கு 400 ரூபா கூடியும் மாதத்தில் 1,700 ரூபா குறைகிறது!

இது வெறும் பயமல்ல. 1,000 ரூபா வந்தபோது பல தோட்டங்களில் கொழுந்துக் கிலோவைக் கூட்டினார்கள். கிலோ குறைந்தவர்களுக்கு அரைப்பெயர் போட்டார்கள். அரைப்பெயர் விழுந்தால் அன்றைய சம்பளத்தில் பாதி போவதோடு முடியாது. கம்பனி நமக்காகக் கட்டும் 12 சதவீத சேமலாப நிதியிலும் பாதி போகிறது. 1,550 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் அது நாளுக்கு 93 ரூபா.

செலவு கூடுகிறது என்கிறது கம்பனி. கூடத்தான் செய்யும். அதற்கு வழி, பற்றைக்காடாகக் கிடக்கும் மலைகளைத் துப்புரவாக்கி, பசளை போட்டு, புதுக்கன்று நடுவது. காடு மண்டிய மலையில் கூடுதல் கிலோ எடுக்கச் சொல்லி அந்தச் சுமையைப் பெண்களின் முதுகில் ஏற்றுவது நியாயமில்லை.

வேலை நாள் குறைந்த வீட்டில் பிள்ளையின் பாடசாலை வரவும் குறைகிறது. படிப்பிக்கும் எனக்கு அது இடாப்பிலேயே தெரிகிறது.

ஆகவே, வீட்டுக்கு ஒரு கொப்பி வையுங்கள். திகதி, எடுத்த கிலோ, கழித்த கிலோ, முழுப்பெயரா அரைப்பெயரா என்பதை அன்றன்றே எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். சம்பளச் சீட்டு வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தோட்டத் தலைவரிடம் கொப்பியோடு வாருங்கள். துரையிடமும் தொழில் திணைக்களத்திலும் பேச வாய்ப்பேச்சு போதாது, கணக்கு வேண்டும்.

இனி நமது கோரிக்கை மூன்று: சட்டப்படியான நாட்சம்பளம், மாதத்துக்கு உறுதியான வேலை நாள், மலைக்கும் பருவத்துக்கும் ஏற்றபடி தொழிலாளரோடு பேசி முடிவு செய்த கிலோ. மூன்றும் சேர்ந்தால்தான் அது சம்பள உயர்வு.