பழி காற்றின் மேல்

'சவால்' என்ற சொல் அண்மைக் காலமாக அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. வயோமிங், மொண்டானா, ஐடஹோ, நெவாடா முதலிய அமெரிக்க மேற்கு மாநிலங்களைச் சுற்றி எழும் வேட்டை எழுத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இது விளங்கும். கயோட்டி என்னும் சிறு விலங்கை 500 கெஜம், 700 கெஜம் தொலைவிலிருந்து ரைஃபிளால் சுட்டு வீழ்த்துவதன் 'சவால்கள்' அங்கே பக்கம் பக்கமாகப் பட்டியலிடப்படுகின்றன. பக்கவாட்டுக் காற்று, தோட்டாவின் சரிவு, கானல் அலை, தூரக் கணிப்பு, விலங்கின் நடை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றையெல்லாம் வெல்வதே கலை என்று முடிகிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். உண்மை என்பதாலேயே அது அந்தச் செயலுக்கு எதிரான குற்றப்பத்திரிகையாகிறது என்பதும், அதை எழுதியவர்கள் தாம் எழுதியதைத் தாமே வாசித்துப் பார்க்கவில்லை என்பதும் நமது கட்சி.

இலக்கியம் பேசுகிற இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கயோட்டி கதைகளின் விலங்கு. நஹுவா மொழியின் 'கொயோட்ல்' என்ற சொல் ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. நவாஹோ, குரோ, நெஸ் பெர்ஸ் போன்ற பல தொல்குடிகளின் கதைகளில் அது ஏமாற்றுக்காரன், ஏமாறுபவன், சில வேளைகளில் உலகை ஆக்கியவனும்கூட. 1823-இல் தாமஸ் சே அதற்குக் 'குரைக்கும் நாய்' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். 1872-இல் மார்க் ட்வெய்ன் தமது 'ரஃபிங் இட்' நூலில் அதைப் பஞ்சத்தின் உருவமாக வரைந்து ஊரைச் சிரிக்க வைத்தார். தெய்வத்துக்கு நெருக்கமாக இருந்த ஒரு பாத்திரம் கேலிப்பொருளாகி, கேலிப்பொருள் இன்று குறிப்பலகையாகியிருக்கிறது. ஒரு சொல் இவ்வாறு படிப்படியாக இறங்குவதைக் கவனிப்பது இலக்கிய வாசகனின் வேலை இல்லையென்றால், வேறு யாருடைய வேலை?

முதலில் கணக்கைப் பார்ப்போம். மேற்குச் சமவெளிக் கயோட்டியின் எடை பெரும்பாலும் 9 முதல் 16 கிலோ வரைதான். குளிர்கால ரோமம் அதைப் பெரிதாகக் காட்டுகிறது. ரோமத்துக்குள் இருக்கும் உடல் மெலிந்தது. அடிபட்ட கணத்தில் வலியின்றி வீழ வேண்டுமானால் தோட்டா நெஞ்சுக்கூட்டைத் துளைக்க வேண்டும். அந்தப் பகுதி 15 சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். இனி, 100 கெஜத்தில் ஓர் அங்குல வட்டத்துக்குள் குண்டுகளை அடுக்கும் துப்பாக்கியை நல்ல துப்பாக்கி என்கிறார்கள். அதே துப்பாக்கியின் வட்டம் 500 கெஜத்தில் ஐந்து அங்குலமாக, அதாவது சுமார் 13 சென்டிமீட்டராக விரிந்துவிடும். காற்றே இல்லாத நாளில், கை நடுங்காத மனிதனிடத்தில், துப்பாக்கி ஒன்றின் இயல்பான சிதறலே அந்த நெஞ்சை ஏறக்குறைய முழுதாக நிரப்பிவிடுகிறது. மற்ற பிழைகளுக்கு அங்கே இடமே மிச்சமில்லை.

ஆனால் மற்ற பிழைகள் இடம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கயோட்டி வேட்டையில் பரவலாகப் பயன்படும் 0.223 வகைத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குழலைவிட்டு வினாடிக்கு சுமார் 3,200 அடி வேகத்தில் கிளம்புவது அது. 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்யப்பட்டிருந்தால், 500 கெஜத்தில் அது குறிக்கோட்டுக்கு ஒரு மீட்டருக்கும் கீழே விழும். அதுவும் விழும் வேகம் கூடிக்கொண்டே போகும். எனவே தூரத்தை 25 கெஜம் தவறாகக் கணித்தால் குண்டு 15 சென்டிமீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். லேசர் தூரமானி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதன் கதிர் விலங்கின் மேல் பட்டுத் திரும்பியதா, முன்னே நிற்கும் புதரில் பட்டுத் திரும்பியதா என்பதை அந்தக் கருவி சொல்வதில்லை.

காற்றின் கதை இன்னும் மோசம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, அந்தப் பகுதிகளில் தென்றலுக்குச் சமம். அது இதே தோட்டாவை 500 கெஜத்தில் முக்கால் மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். அந்த வேகத்தை வெறும் 5 கிலோமீட்டர் கூட்டியோ குறைத்தோ கணித்தால் 25 சென்டிமீட்டர் பிழை. நெஞ்சின் நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் பின்னால் இருப்பது வயிறு. சுடுபவன் நிற்கும் மேட்டில் ஒரு காற்று, நடுவிலுள்ள பள்ளத்தில் வேறொரு காற்று, விலங்கு நிற்கும் சரிவில் மூன்றாவது காற்று. கையில் பிடித்த காற்றுமானி முதலாவதை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் புல்லின் சாய்விலும் கானலின் ஓட்டத்திலும் ஊகிக்க வேண்டும். ஊகிப்பதில் தேர்ந்தவர்கள் உண்டு. அவர்களும் ஊகிக்கவே செய்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலாக, குறி உயிருள்ளது. 500 கெஜத்தைக் கடக்க அந்தத் தோட்டாவுக்கு வினாடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேவை. நிதானமாக நடக்கும் கயோட்டி அதற்குள் 80 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; வாலை நீக்கினால் அதன் உடல் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நின்றுகொண்டிருந்த விலங்கு, விசை அழுத்தப்பட்ட கணத்தில் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், நெஞ்சுக்கு விட்ட குண்டு இடுப்பில் பாயும். எந்தப் பயிற்சியும் எந்தக் கணினியும் இந்தப் பிழையைத் திருத்த முடியாது. ஏனெனில் இது சுடுபவனின் பிழையே அல்ல. விலங்குக்கு உயிர் இருக்கிறது என்பதன் விளைவு.

"கருவிகள் மேம்பட்டுவிட்டன" என்பது வழக்கமான மறுமொழி. 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் போன்ற தோட்டாக்கள் காற்றை நன்றாகக் கிழித்துச் செல்கின்றன என்பது உண்மையே. காற்றின் தள்ளல் பாதிக்கும் கீழே குறையலாம். ஆனால் நடந்தது என்ன? பிழை குறைந்ததும் மனிதர்கள் அதே தூரத்தில் நின்று நிதானமாகச் சுடவில்லை, தூரத்தைக் கூட்டினார்கள். 300 என்பது 500 ஆயிற்று, 500 என்பது 800 ஆயிற்று. கருவி தந்த கருணையைச் செருக்கு தின்றுவிட்டது.

இரும்புத் தகட்டின் மேல் சுட்டுத் தவறினால் அதன் பெயர் தவறுதல். விலங்கின் மேல் சுட்டுத் தவறினால் அதற்கு இரண்டு பெயர்கள்: ஒன்று தவறுதல், மற்றொன்று காயம். தாடை உடைந்து உண்ண முடியாமல் அலைவதும், குடல் கிழிந்து புதருக்குள் ஒடுங்குவதும் இரண்டாவது வகை. அரை கிலோமீட்டருக்கு அப்பால், பள்ளத்தாக்குக்கு மறுபக்கம், இருள் கவியும் நேரத்தில் எத்தனை பேர் நடந்து சென்று இரத்தத் தடத்தைத் தேடுகிறார்கள்? காணொளிகள் இந்தக் கேள்வியை அழகாகக் கடந்துவிடுகின்றன. படத்தொகுப்பாளரின் கத்திரிக்கு அங்கேதான் வேலை. சரியாகப் பட்ட குண்டு சுடுபவனின் திறமை. தவறிய குண்டு காற்றின் பழி. இப்படியொரு வசதியான அறவியல் வேறெந்தக் கலையிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இத்தனை நிச்சயமின்மையோடு ஒரு மானைச் சுட இவர்களில் பலர் தயங்குவார்கள். மானுக்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு, எண்ணிக்கை வரம்பு உண்டு. பெருவிலங்கு வேட்டையில் 16 பவுண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐடஹோ விதி வைத்திருக்கிறது. கயோட்டிக்கு மேலே சொன்ன மாநிலங்களில் பருவமும் இல்லை, வரம்பும் இல்லை. அது 'வர்மின்ட்', தொல்லைப் பிராணி. அந்த ஒற்றைச் சொல் போதும், உயிர் பயிற்சிப் பலகையாகிவிடுகிறது. மானுக்குமுன் பழகிக்கொள்ளக் கயோட்டி நல்லது என்று கூச்சமின்றி எழுதுகிறார்கள். ஒரு உயிரின் வலி மற்றொரு உயிரின் வலிக்கு ஒத்திகையாவதை எந்த நியாயத்தில் எடைபோடுவது?

இங்கே ஆடு வளர்ப்பவர் எழுந்து நிற்பார். அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டி கொல்கிறது. அந்த இழப்பு அவருடைய வயிற்றில் விழும் அடி. தம் பட்டியைச் சுற்றும் ஒரு விலங்கை அவர் அருகிலிருந்து ஒரே குண்டில் கொன்றால் நாம் வாதாட மாட்டோம். ஆனால் நகரத்திலிருந்து வார இறுதியில் வந்து, எவருடைய ஆட்டையும் தொடாத ஒரு கயோட்டியை 600 கெஜத்தில் சுடுபவர் அவருடைய துயரத்தைக் கடன் வாங்கிப் பேசக் கூடாது. அது பயனுள்ள கடனும் அல்ல. கானலி, லாங்ஹர்ஸ்ட் ஆகியோர் 1975-இல் செய்த கணிப்பின்படி, ஆண்டுக்கு 75 விழுக்காட்டைக் கொன்றாலும் ஒரு கயோட்டித் தொகை அழிய ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கூட்டம் குறையும்போது எஞ்சியவை ஈனும் குட்டிகள் பெருகுகின்றன. அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குச் சேவைப் பிரிவு 2010-களில் ஆண்டுதோறும் 50,000-க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றது. மேற்கின் விலங்காக இருந்த கயோட்டியோ இன்று அட்லாண்டிக் கரைவரை பரவி, சிகாகோ நகருக்குள்ளும் குடியிருக்கிறது. பட்டியைக் காப்பவை வேலியும் காவல் நாயும், குறிப்பிட்ட விலங்கைக் குறிவைத்த நடவடிக்கையும்தான். தொலைதூரச் சாகசம் எந்தப் பட்டியையும் காத்ததில்லை.

குறள் படித்த நண்பர்கள் வேறொரு கேள்வியை எழுப்பக்கூடும். முயலை வீழ்த்திய அம்பைவிட, யானையை எறிந்து தப்பவிட்ட வேலே ஏந்த இனியது என்று வள்ளுவர் சொல்லவில்லையா? கடினமானதை முயன்று தவறுவது பெருமைதானே? அந்தக் குறள் நிற்கும் அதிகாரத்தின் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி இது. அது படைச்செருக்கு. வேல் எறியும் தொலைவில் நிற்கும் யானை திரும்பி வந்து எறிந்தவனைக் கொல்லும். அங்கே தவறுதலின் விலையைத் தவறியவனே கொடுக்கிறான். அதனால்தான் அது இனிது. 500 கெஜத்துக்கு அப்பால் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு சுடுபவன் தவறினால் அவனுக்கு நேர்வது என்ன? ஒரு தோட்டாவின் விலை. மீதி விலை முழுவதும் விலங்கின் கணக்கில். இதில் வள்ளுவரை இழுப்பது வள்ளுவருக்குச் செய்யும் தீங்கு.

வேட்டையே கூடாது என்ற இடத்திலிருந்து நாம் பேசவில்லை. தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் வேட்டைக்காரர்களின் கழகம்தான். தொலைதூரச் சுடுதல் வேட்டையை வெறும் கருவிச் சோதனையாக்கி, விலங்குக்குரிய வாய்ப்பைப் பறிக்கிறது என்று அந்தக் கழகமே எதிர்த்திருக்கிறது. கயோட்டியை ஊதலால் அழைத்து வரவழைக்கும் பழைய வேட்டைக்காரரைப் பாருங்கள். அடிபட்ட முயலின் குரலை எழுப்பி, காற்றின் திசையறிந்து அமர்ந்து, கண் இமைக்காமல் காத்திருந்து, விலங்கை 100 கெஜத்துக்குள் கொண்டுவருகிறார். அந்த மூக்கையும் காதையும் கண்ணையும் ஏமாற்றுவது உண்மையான சவால். தோற்றால் கயோட்டி ஓடிவிடுகிறது, முழு உடலோடு. தொலைவிலிருந்து சுடுபவர் தவிர்ப்பது இந்தச் சவாலைத்தான். நெருங்கத் தெரியாதவர்கள் தூரத்தைச் சாதனை என்று பெயர்மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆல்டோ லியோபோல்டின் 'எ சாண்ட் கவுண்டி அல்மனாக்' அவர் மறைந்த மறு ஆண்டு, 1949-இல் வெளிவந்தது. அதில் இளமையில் தாம் ஒரு மலைவிளிம்பிலிருந்து ஓநாய்க் கூட்டத்தைச் சுட்டதை எழுதியிருக்கிறார். செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சுடும்போது குறி குழம்பும் என்பதை அங்கேயே சொல்லிவிடுகிறார். ஆவேசம் இருந்த அளவுக்குத் துல்லியம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பிறகு அவர்கள் இறங்கிச் செல்கிறார்கள். தாய் ஓநாயின் கண்ணில் ஒரு பச்சை நெருப்பு அணைவதைப் பார்க்கும் நேரத்துக்குள் சென்று சேர்கிறார்கள். சுற்றுச்சூழல் சிந்தனையின் மிக முக்கியமான பக்கங்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது. தொலைநோக்கிக் கண்ணாடிக்குள் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளி சரிந்ததைப் பார்த்து, அடுத்த புள்ளியைத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் எழுதக் கிடைக்காது.

கலிஃபோர்னியா 2014-இலும், நியூ மெக்ஸிகோ 2019-இலும், கொலராடோ 2020-இலும் கயோட்டிக் கொலைப் போட்டிகளுக்குத் தடை விதித்தன; நியூயார்க் 2023-இல் சட்டம் இயற்றியது. சட்டம் பரிசுத்தொகையைத் தடுக்கலாம், செருக்கைத் தடுக்காது. அதற்குத் தேவை வேட்டைக்காரர்களுக்குள்ளேயே எழும் ஒரு கூச்சம். காற்றையும் தூரத்தையும் வெல்லும் ஆசை இழிவானதல்ல. அதற்கு இரும்புத் தகடு இருக்கிறது. ஆயிரம் கெஜத்தில் தொங்கவிட்டு நாள் முழுக்கச் சுடலாம். தவறினால் காற்றைத் தாராளமாகப் பழிக்கலாம். தகடு அடுத்த நாள் காலையிலும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.