தூர்வாரும் நன்கொடையும் நீர்க்கட்டியின் கூலியும்

தமிழகத்தில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. இவற்றில் பலவற்றைத் தூர்வார இப்போது பெருநிறுவனங்களின் பணம் வருகிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். சுற்றுச்சூழலும் அப்பணிகளில் ஒன்று. மழை தப்பும் காலத்தில் இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அள்ளிய வண்டல் எங்கே போகிறது? பட்டா நிலம் உள்ளவர் வயலுக்கு. நிலமில்லாத தலித் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? பொக்லைன் வந்ததும் மண்வெட்டிக் கூலியும் போயிற்று. மீன் குத்தகையோ ஏலத்தில் பணம் கட்ட முடிந்தவருக்கே.

மடை திறந்து வயல் வயலாக நீர் பங்கிடும் நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகளே. எந்த மடை கசியும், எந்த இடத்தில் கரை முதலில் உடையும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடைமழை இரவில் கரையில் நிற்பவர்களும் அவர்கள்தான். கூலி, அறுவடையில் கொஞ்சம் நெல், அதுவும் விளைந்தால்தான். தூர்வாரும் திட்டம் பேசும் கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை. திறப்பு விழாவுக்குப் பந்தல்கால் நட மட்டும் தேடி வருவார்கள்.

பெயர்ப்பலகை எங்கே, எவ்வளவு பெரிதாக நிற்க வேண்டும் என்று சொல்லும் நிறுவனங்கள், நீர்க்கட்டிக்கு மாதக் கூலி, பாசனக் குழுவில் தலித் பெண்களுக்கு இடம், மீன் குத்தகையில் பங்கு ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதட்டும். மார்ச் 22 உலக தண்ணீர் தின கிராம சபையில் நம் மாணவர்கள் இதைக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்ய வேண்டும்.