முகவரி இல்லாம கணக்கு இல்ல, கணக்கு இல்லாம முகவரி இல்ல

1/ பிளாப் முடிச்சு, ஜிஎம்சி பதிவு வாங்கி, விசா வாங்கி இங்கிலாந்து வந்து இறங்கினேன். இத்தனையும் தாண்டி வந்தவனை மூணு வாரம் நிறுத்தி வச்சது ஒரு வங்கிக் கணக்கு. போன வாரம் புதுசா வந்த ஒரு தம்பி அதே கதையோட போன் பண்ணார். அதனால இந்த இழை.

2/ வங்கியில் கேட்டது முகவரிச் சான்று. கரண்ட் பில், கவுன்சில் டாக்ஸ் பில், வாடகை ஒப்பந்தம், ஏதாவது ஒண்ணு. நான் இருந்தது ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ஒரே ஒரு ரூம். கரண்ட், தண்ணி, வரி எல்லாம் வாடகைக்குள்ளயே அடக்கம். என் பேர்ல பில் எப்படி வரும்?

3/ சரி, வெளியே வீடு பார்ப்போம்னு போனா, ஏஜென்ட் மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டார். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கிற கதை. இதுக்கு நடுவுல சம்பளப் பிரிவிலிருந்து மெயில்: இந்தத் தேதிக்குள்ள கணக்கு எண் தராவிட்டால் சம்பளம் அடுத்த மாதம்தான்.

4/ ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் கடிதம் கொண்டுபோனேன். "கையெழுத்து பிரிண்ட் மாதிரி இருக்கு, பேனாவில் வேணும்". பேனாவில் வாங்கிப் போனேன். "ரூம் நம்பர் இல்லை". மூணாவது தடவை வேற ஊழியர், அதே கடிதம், பத்து நிமிஷத்துல முடிஞ்சது.

5/ அப்போ விதி எங்க இருக்கு? கறுப்புப் பணத் தடுப்பு விதிகள் 2017, வாடிக்கையாளர் யார்னு நம்பகமான ஆதாரத்தை வச்சு உறுதி செய்யச் சொல்லுது. கரண்ட் பில்தான் வேணும்னு அதில் இல்லை. அந்தப் பட்டியல் வங்கி தனக்குப் போட்டுக்கிட்டது. கவுன்டரில் இருக்கிறவரையும் முழுசா குறை சொல்ல மாட்டேன். தப்பா ஒருத்தரை உள்ளே விட்டால் அவர் பதில் சொல்லணும். தப்பா ஒருத்தரைத் திருப்பி அனுப்பினால் யாரும் கேட்கப் போறதில்லை. தலைவலின்னு வர்ற எல்லாருக்கும் சிடி எழுதுற டாக்டர் மாதிரிதான் இதுவும்.

6/ எனக்கு கடன் கொடுக்க சீனியர்ஸ் இருந்தாங்க. கேர் ஹோம் வேலைக்கு தனியா வர்ற ஒரு அக்காவுக்கு யார் இருக்கா? "என் கணக்குல போடச் சொல்லு, நான் எடுத்துத் தர்றேன்"னு எவனாவது சொல்வான். சுரண்டல் அங்கதான் ஆரம்பிக்குது. அதனால தான் இதை வெறும் எரிச்சல்னு ஒதுக்க முடியலை.

7/ புதுசா வர்றவங்க செய்ய வேண்டியது:
• கிளம்புறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்ல கடிதம் கேளுங்க. முழு முகவரி, ரூம் நம்பர், போஸ்ட்கோடு, பேனாக் கையெழுத்து.
• நேஷனல் இன்சூரன்ஸ் எண் கடிதம் வந்தா பத்திரம். பல இடங்களில் அது எடுபடும்.
• 'பேசிக் அக்கவுன்ட்'னு பேர் சொல்லிக் கேளுங்க. 2015 சட்டப்படி, குறிப்பிட்ட பெரிய வங்கிகள் இங்கே சட்டப்படி வசிக்கிறவங்களுக்கு அதைத் தரணும். கிரெடிட் ஸ்கோர் இல்லைங்கிறது காரணம் ஆகாது.
• மறுத்தால் எழுத்துல புகார் கொடுங்க. எட்டு வாரத்துல தீர்வு இல்லைன்னா ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மேன் போகலாம், செலவு கிடையாது.
• யார் கேட்டாலும் சம்பளம் உங்க பேர்ல உள்ள கணக்குக்கு மட்டும்தான்.

8/ கடைசியா ஒண்ணு. ஊர்ல அரசு மருத்துவமனையில் இருந்தப்போ, முதலமைச்சர் காப்பீட்டுக்கு வந்த ஒரு பெரியவரிடம் "விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு வாங்க"ன்னு ஒரே வரியில் சொல்லி அனுப்பினேன். அவர் எந்த ஊர், பஸ்ஸுக்குக் காசு இருக்கா, எதுவும் கேட்கலை. மூணாவது தடவை வங்கிக் கவுன்டரில் நின்னப்போதான் அவர் முகம் ஞாபகம் வந்தது. "இல்லை"ன்னு சொல்றதோட நம்ம வேலை முடிஞ்சிடுறதில்லை. "இது இல்லைன்னா வேற என்ன இருக்கு?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கணும். இப்போ கேட்கிறேன்.