உண்ணாக்கும் ரொன்சிலும் ஒன்றல்ல

தொண்டை நொந்தால் நம்மவர் வாயில் முதலில் வருவது ‘உண்ணாக்கு வளர்ந்திட்டுது’ என்ற பேச்சுத்தான். ஊரில் அது போதும். பரியாரியாரும் சரி, டிஸ்பென்சறி டொக்டரும் சரி, நாம் எதைச் சொல்கிறோம் என்று விளங்கிக்கொள்வார்கள். இங்கே அப்படியில்லை. தாய் ‘உண்ணாக்கு’ என்கிறா. மொழிபெயர்க்க வந்த பத்து வயதுப் பிள்ளை அதை நாக்கு என்று எடுத்து, டொக்டரிடம் ‘லாங்’ என்கிறது. அவர் ‘திரே லா லாங்’ என்று நாக்கை நீட்டச் சொல்லி, புண் இருக்கிறதா என்று பார்க்கிறார். நாக்கிலே ஒன்றுமில்லை. ரூ காயில் சாமான் வாங்க வருகிற குடும்பங்களோடு பேச்சுக் கொடுத்தால் இப்படி ஒரு கதை எப்படியும் வந்து விழும்.

வாயை அகலத் திறந்து கண்ணாடியில் பாருங்கள். மேல் அண்ணத்தின் பின் ஓரத்தில், நடுவிலே தொங்குகிற சிறு சதைதான் உண்ணாக்கு. அண்ணாக்கு, சிறுநாக்கு என்பதும் அதைத்தான். பிரெஞ்சில் அது ‘லுவெற்’. திராட்சைப் பழத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அதற்கு இரு பக்கமும், தொண்டையின் வாசலில் இருக்கிற சதைக் கட்டிகள்தான் நாம் ரொன்சில் என்பவை. இங்கே ‘அமிதால்’. அது கிரேக்கத்தில் வாதுமைக் கொட்டையின் பெயர். காய்ச்சலோடு வீங்கி, விழுங்க விடாமல் செய்வது பெரும்பாலும் இவைதான். ஆக, நாம் உண்ணாக்கு வளர்ந்தது என்று சொல்லும்போது அநேகமாக ரொன்சிலைத்தான் சொல்கிறோம். பேரில் நாக்கு இருந்தாலும் உண்ணாக்கு நாக்கின் பகுதியே அல்ல. டொக்டரிடம் பெயர் வராவிட்டால் ‘கோர்ஜ்’, அதாவது தொண்டை, என்று சொன்னாலே போதும். பார்க்க வேண்டிய இடத்தை அவர் பார்ப்பார்.

இந்தப் பெயர்ச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, நம் பெடியன்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். உடலின் ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் தசைக்கும் தனித்தனிப் பெயர் வேண்டியிருந்தது அவருக்கு. 1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெரிய நூல் அந்த உழைப்பின் பலன். மானிப்பாயில் தமிழில் வைத்தியம் படித்த சனம் நாம் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால், நம்பாமல் சிரிக்கிறார்கள்.

நாக்கின் அயலில் இன்னும் இரண்டு சொற்கள். நாக்கை அடிவாயோடு பிடித்திருக்கிற மெல்லிய சவ்வுக்கு ‘ஃபிரான்’ என்று பெயர். இயந்திரத்தின் பிறேக்கும் ‘ஃபிரான்’தான்; தொழிற்சாலையில் வேலை செய்கிற நமக்கு மறக்காது. பிறந்த குழந்தைக்கு அந்தச் சவ்வு குட்டையாக இருந்தால் பால் குடிக்கக் கஷ்டப்படலாம். அதற்காக இரண்டு வயதுப் பிள்ளை பேசப் பிந்தினால் நாக்கை வெட்ட வேணும் என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு ஓடாதீர்கள், டொக்டர் பார்க்கட்டும். மற்றது ‘எபிகுளொற்’. கிரேக்கத்தில் ‘குளொற்றா’ என்றால் நாக்கு. ஆனால் இது நாக்கல்ல, அதன் அடியில் இருக்கிற மூடி. சாப்பாடு இறங்கும்போது குரல்வளையை மூடுவதில் இதற்குப் பங்குண்டு. அந்த நேரம் பார்த்துச் சிரித்தால் புரைக்கேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் தலையில் தட்டுவோம். நினைப்பதற்கு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்தானே.

சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது. பார்மசியில் குளிசையைத் தந்துவிட்டு ‘சூ லா லாங்’ என்பார்கள். நாக்குக்குக் கீழே என்று அர்த்தம். ‘சூர் லா லாங்’ என்றால் நாக்குக்கு மேலே. இரண்டு சொல்லிலும் உயிரொலி வேறு. ஒன்று நம் ‘சூ’ மாதிரி. மற்றது ‘சூ’வுக்கும் ‘சீ’க்கும் இடையில் நிற்பது, தமிழில் அப்படி ஒரு எழுத்தே இல்லை. கடைசியில் வருகிற ‘ர்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘ரூ காய்’ என்று நாம் சொல்லும்போது நாக்கின் நுனி மேலே அடிக்கும். பிரெஞ்சுக்காரர் சொல்லும்போது நுனி சும்மா கிடக்க, நாக்கின் பின்பக்கம் எழும்பி லுவெற் அருகில் உராயும். ஒலி பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியம் எண்ணுகிற எட்டில் நாவும் அண்ணமும் மிடறும் உண்டு, உண்ணாக்கு இல்லை. அங்கே பிறக்கிற எழுத்து தமிழில் இல்லாதபடியால் நமது காதும் அந்த ‘ர்’ரைத் தவறவிடுகிறது.

தவறவிட்டால் என்ன? நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் திரினித்ரின் குளிசையை எடுங்கள். நாக்கின் அடியில் தோல் மெல்லியது, இரத்தக் குழாய்கள் நிறைய. அங்கே வைத்தால் மருந்து சில நிமிடத்துக்குள் இரத்தத்தில் சேரும். தண்ணீரோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய், பிறகு ஈரலுக்குப் போய், பெரும் பகுதி அங்கேயே அழிந்துவிடும். ஆள் மருந்து எடுத்தாயிற்று என்று காத்திருப்பார், வலி குறையாது. பெட்டியில் ‘சுப்லங்குவால்’ என்று இருந்தால் அதுவும் நாக்குக்குக் கீழேதான். வாந்திக்குக் கொடுக்கும் சில குளிசைகள் வேறு விதம்: நாக்கின் மேல் வைக்கக் கரையும், உமிழ்நீரோடு விழுங்கலாம்.

ஆகவே பார்மசியில் வெட்கப்படாமல் வாயைத் திறந்து, விரலால் காட்டிக் கேளுங்கள். பதில் கிடைத்ததும் பெட்டியிலே ‘கீழே’ அல்லது ‘மேலே’ என்று தமிழில் எழுதுங்கள். வீட்டில் தனியே இருக்கிற அப்பு, ஆச்சிக்கு அந்த எழுத்துத்தான் உதவும். திரினித்ரினை இருந்துகொண்டு எடுக்க வேண்டும்; இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். சில நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 15ஐ அழையுங்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரட்டும், அவன் கதைப்பான் என்று பார்த்திருக்க வேண்டாம். பெயரையும் விலாசத்தையும் சொல்லத் தெரிந்தால் போதும்.

அடுத்த இதழில் வயிற்றுப் பக்கம் போவோம். இங்கே ‘மல் ஓ கேர்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இருதய நோவு. ஆனால் பிரெஞ்சுக்காரர் சொல்வது வயிற்றுக் குமட்டலை.