பத்து நிமிடமும் இரண்டு மணி நேரமும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரேகான் மாநிலத்து நியூபோர்ட் துறைமுகத்தின் வாயில் பொல்லாதது. வற்று நீர் வெளியே பாயும் நேரத்தில் பசிபிக்கின் பேரலை எதிர்ப்பட்டால், மணல்திட்டின் மேல் அது செங்குத்தாக எழுந்து உடையும். டஞ்சனெஸ் நண்டுப் பருவமோ புயல் காலமான டிசம்பரில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது.

அங்குள்ள கடலோரக் காவல்படை நிலையத்தின் 47 அடி மீட்புப் படகு 20 அடி உடையலையையும் தாங்கும். கவிழ்ந்தாலும் பத்து விநாடிக்குள் தானே நிமிரும். ஆனாலும் 2019 ஜனவரியில், காவல்படைப் படகு துணைக்கு வந்திருந்தும், 'மேரி பி டூ' என்ற நண்டுப் படகு கவிழ்ந்து மூவர் இறந்தனர்.

இங்கே கடல்நீரின் வெப்பம் பத்து பாகை செல்சியஸ் அளவு. அதில் விழுந்தவனுக்குக் கைகால் வசப்பட்டிருப்பது சுமார் பத்து நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். காவல்படையின் விதியோ, தகவல் வந்து இரண்டு மணி நேரத்துக்குள் இடத்தை அடைந்தால் போதும் என்கிறது!

1985இல் ஒரு மீன்பிடிப் படகு மூழ்கி மூவர் குளிரில் இறந்தார்கள். நெய்தலுக்கு இரங்கலை உரியதாக்கியது நம் இலக்கணம். நியூபோர்ட் மீனவர் மனைவியர் இரங்கியதோடு நிற்கவில்லை. மனுக்கள் கொடுத்துப் போராடினார்கள். 1987இல் மீட்பு ஹெலிகாப்டர் வந்தது.

2014இல் செலவைக் காட்டி அதை அகற்ற முற்பட்டபோது, உயிர்காப்பு உடையும் அபாய அறிவிப்புக் கருவிகளும் முன்னேறிவிட்டன, பக்கத்து தளங்களிலிருந்தே விதிப்படி வந்துவிடலாம் என்று வாதிட்டார்கள். காகிதத்தில் சரிதான். ஆனால் அந்தத் தடித்த உடையோடு யாரும் நண்டுக்கூடு இழுக்க முடியாது. படகு கவிழும் வேளையில் அணியவும் நேரம் இராது. பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள், நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்தது.

2025 நவம்பரில், நண்டுப் பருவத்துக்குச் சற்று முன்பு, ஹெலிகாப்டர் தெற்கே நார்த் பெண்டுக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து பறந்து வரவே அரைமணிக்கு மேலாகும். அதே மனைவியர் சங்கம் மறுபடி நீதிமன்றம் போனது. ஹெலிகாப்டரைத் திருப்பிக் கொண்டுவரும்படி அந்த மாதமே நீதிபதி உத்தரவிட்டார்.