மல்லிகை வாடுவதற்குள் முடிந்துவிடும் பேரம்

2024 மே மாதம் பிபிசி வெளியிட்ட புலனாய்வு ஆவணப்படமொன்றில் எகிப்தின் நைல் கழிமுகப் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய் வருகிறார். அதிகாலை மூன்று மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி மல்லிகைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறார். நான்கு பிள்ளைகள். மூத்தவருக்கு 15 வயது, கடைசிப் பிள்ளைக்கு ஐந்து. அன்று எல்லோருமாகச் சேர்ந்து பறித்தது ஒன்றரைக் கிலோ பூ. காணிக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்த பின் கையில் மிஞ்சியது சுமார் ஒன்றரை அமெரிக்க டொலர். அந்தப் பகுதிப் பூவின் வாசனைச் சாறு லங்கோம், ஏரின் பியூட்டி போன்ற பெயர்களில் விற்கப்படும் வாசனைத் திரவியங்களுக்குப் போகும் வழியை அந்தப் படம் தேடிச் சென்று காட்டியது.

படத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்ததை விட ஒரு கேள்விதான் அதிகம் உறுத்தியது. உலகின் மல்லிகையில் ஏறத்தாழ அரைவாசியை விளைவிக்கிற நாடு எகிப்து. இவ்வளவு பெரிய பங்கைக் கையில் வைத்திருப்பவர்களால் ஏன் விலை பேச முடியவில்லை?

பதிலில் பாதி பூவிலேயே இருக்கிறது. எகிப்தில் பறிப்பது நாங்கள் பிச்சி என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்த மல்லிகை. இரவில்தான் விரியும். வெயில் ஏறினால் வாசம் போய்விடும். ஒரு கிலோவுக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பூ வேண்டும், எல்லாம் கையால்தான். பறித்த சில மணித்தியாலங்களுக்குள் தொழிற்சாலைக் கொப்பரைக்குள் போக வேண்டும். அங்கே கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற ஒரு பொருளை எடுக்கிறார்கள். அதை மதுசாரத்தில் கழுவிப் பிரிப்பதுதான் இறுதிச் சாறு. அதில் ஒரு கிலோ எடுக்க அறுநூறு, எழுநூறு கிலோ பூ கரைய வேண்டும்.

அந்த மெழுகைத் தொழிற்சாலை பத்திரமாக வைத்திருந்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பூவைப் பறித்தவர் காலை எட்டு மணிக்கு மேல் காத்திருக்க முடியாது. நெல்லையோ வெங்காயத்தையோ விலை விழுந்தால் ஒரு கிழமை வைத்துப் பார்க்கலாம். மல்லிகை விவசாயிக்கு அந்த ஒரு நாள்கூட இல்லை. தராசுக்கு முன்னால் நிற்கும்போது அவருடைய பேரம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இதே பூ பிரான்ஸின் தெற்கிலுள்ள கிராஸ் நகரத்தில் வேறு மாதிரி வாழ்கிறது. ஒரு காலத்தில் அதுவும் வீழ்ந்த கதைதான். கையுறைத் தோலுக்கு மணமூட்டத் தொடங்கி வாசனைத் தலைநகராக மாறிய ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை வாசனைகளும் மலிவான வெளிநாட்டுப் பூவும் வந்தன. கடற்கரையை நோக்கிய வயல்கள் வீட்டு மனைகளாகின. 1921இல் வந்த சனெல் நம்பர் 5 இந்த ஊர் மல்லிகையை நம்பிய வாசனை. பூ இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில் அந்த நிறுவனம் 1987இல் பெகோமாஸ் கிராமத்தின் முல் குடும்பத்துடன் நீண்டகால ஒப்பந்தம் செய்தது. சாறு எடுக்கும் ஆலையே வயலுக்கு நடுவில் இருக்கிறது. 2006இல் டியோர் நிறுவனமும் அங்கே ஒரு குடும்பத் தோட்டத்துடன் முழு விளைச்சலையும் வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது. 2018இல் கிராஸின் வாசனைக் கலையை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கிராஸ் விவசாயி எகிப்திய விவசாயியை விடக் கெட்டிக்காரர் என்பதல்ல விடயம். பூ மலர்வதற்கு முன்பே அவர் விலை பேசிவிடுகிறார், காணி அவருடையது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் அவரும் தராசுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார். விளம்பரப் படங்களில் கிராஸின் வயல்தான் வருகிறது, எகிப்தின் இரவு வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாடு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சத்தியமங்கலம், மதுரைப் பக்கத்துப் பூவும் சாறாகி ஐரோப்பாவுக்குப் போகிறது. ஆனால் அங்கே தொழிற்சாலைக்கு ஒரு போட்டிக்காரர் இருக்கிறார்: பெண்களின் கூந்தலும் கோயில் மாலையும். முகூர்த்த நாட்களில் கிலோ ஆயிரங்களைத் தாண்டும்போது தொழிற்சாலை ஒதுங்கி நிற்கும், பூ குவிந்து விலை சரியும்போது வந்து வாங்கும். விலை தாறுமாறாக ஏறி இறங்கினாலும், வாங்க வேறு ஆளில்லை என்ற நிலை அங்கே இல்லை. எகிப்தில் பூவின் பெரும்பகுதிக்குத் தொழிற்சாலையின் படலையைத் தவிர வேறு வழியில்லை.

எங்களுக்கும் இந்தச் சங்கிலி புதிதல்ல. யுத்தத்துக்குப் பின் வன்னிக்கு வந்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அதிகாலையில் பஸ் ஏறும் பெண்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். தைக்கும் உடுப்பின் விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது. பூந்தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு காணிக்காரருக்குப் போனதைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது வலிகாமம் வடக்கு. 1990இல் விட்டு வந்த செம்மண்ணுக்கு இன்னும் திரும்ப முடியாத குடும்பங்கள் வேறொருவர் தோட்டத்தில் கூலிக்கு நிற்கின்றன. ஏற்றுமதிப் பயிர் செய்யுங்கள் என்று எங்கள் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்பவர்கள், வாங்குபவர் ஒருவரா பலரா, விலை எப்போது எழுதப்படும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பிபிசி படத்துக்குப் பிறகு நிறுவனங்கள் மனித உரிமை பற்றி அறிக்கை விட்டன. பொறிமுறை மாறவேண்டுமானால் கடைசியில் வாங்குபவரைச் சட்டம் பிடிக்க வேண்டும். தம் விநியோகச் சங்கிலியில் நடப்பதற்குப் பெரிய நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் சட்டமொன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது. மறு ஆண்டே, நிறுவனங்களுக்குச் சுமை அதிகம் என்ற வாதத்துக்கு இணங்கி, அதன் அமுலாக்கத்தைத் தள்ளிவைத்தது.

எகிப்தில் 15 வயதுக்குட்பட்டவர்கள் இரவு ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை வேலை செய்வது சட்டவிரோதம். அந்தத் தாயின் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கண்ணில் ஒவ்வாமை. அழற்சிக்குச் சிகிச்சை எடுக்காமல் தொடர்ந்து பூப் பறித்தால் பார்வை பாதிக்கப்படும் என்று மருத்துவர் சொன்னார். 2023 கோடையில் படம் பிடித்தபோது அவளுக்குப் பத்து வயது. ஐரோப்பியச் சட்டம் நடைமுறைக்கு வரும்போது 15ஐக் கடந்திருப்பாள்.